ஸ்பார்க் பிளக்: தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும்

‘ஹாட் பிளக் போட்டால் பொறி சூடாக வரும்’ என்கிறார்கள். ‘இரிடியம் போட்டால் இழுவை கூடும்’ என்கிறார்கள். ‘மரை சேர்ந்தால் போதும், எந்தப் பிளக்கும் ஓடும்’ என்றும் சொல்கிறார்கள். கார் இன்ஜினின் வேறு எந்தச் சிறிய பாகத்தைப் பற்றியும் இத்தனை தவறான கருத்துகள் உலவுவதாகத் தெரியவில்லை. மேலே சொன்னவற்றில் முதலாவது முழுப் பிழை. இரண்டாவது பெரும்பாலும் பிழை. மூன்றாவதை நம்பினால் இன்ஜினே பாழாகிவிடக்கூடும்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வோம். பிளக் இன்ஜினுக்குச் சக்தி தருவதில்லை. சக்தி எரிபொருளில் இருக்கிறது; அதை உரிய கணத்தில் பற்றவைப்பதுதான் பிளக்கின் வேலை. அந்த வேலையைத் தவறாமல் செய்ய வேண்டுமென்றால் பிளக்கின் முனை அளவுக்கு மீறிச் சூடாகவும் கூடாது, ஆறிப்போகவும் கூடாது. எந்தப் பிளக்கை வாங்குவது, அதை எவ்வளவு முடுக்குவது என்ற இரண்டு கேள்விகளும் இந்தச் சூட்டில்தான் வந்து நிற்கின்றன.

இங்கே பேசுவது பெட்ரோல் இன்ஜின்களைப் பற்றி. எல்.பி.ஜி., சி.என்.ஜி. வாயுவில் ஓடுபவற்றுக்கும் அடிப்படை இதுவே. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அங்கே அழுத்தப்பட்ட காற்றின் சூடே எரிபொருளைப் பற்றவைத்துவிடுகிறது.

பொறி எப்படிப் பிறக்கிறது

சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை இருக்கிறது. பிஸ்டன் மேலேறி அதை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பாகவே பிளக்கின் முனையில் பொறி விழுகிறது. அந்தப் பொறி முழுக் கலவையையும் ஒரே வீச்சில் எரித்துவிடுவதில்லை. முதலில் பிளக்கின் முனையருகே குண்டூசித் தலை அளவில் ஒரு நெருப்புக் கரு உருவாகிறது. அது பரவி, சுடராகி, கலவை முழுவதையும் எரிக்கிறது. அதனால் எழும் அழுத்தம்தான் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது.

இதன் வேகத்தை எண்ணிப் பாருங்கள். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 1,500 முறை, அதாவது நொடிக்கு 25 முறை, கலவை பற்றவேண்டும். அதில் சில பொறிகள் தவறினாலும் இன்ஜின் நடுங்குவதை நாம் உணர்ந்துவிடுகிறோம். இப்படிக் கலவை பற்றாமல் போவதைத்தான் மிஸ்ஃபயர் என்கிறார்கள்.

காரின் பேட்டரி தருவது 12 வோல்ட்தான். அது காற்றில் மயிரிழை தூரத்தைக்கூடத் தாண்டாது. அதைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தித் தரும் கம்பிச்சுருள்தான் இக்னிஷன் காயில். பழைய அமைப்பில் ஒரே காயில் எல்லாச் சிலிண்டர்களுக்கும் வேலை செய்தது. இப்போது பெரும்பாலான கார்களில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கிறது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பொறி தாண்ட எத்தனை வோல்ட் வேண்டும் என்பதைக் காயில் தீர்மானிப்பதில்லை. பிளக்கின் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள தூரமும், அந்த இடத்தில் நெருக்கப்பட்டிருக்கும் கலவையின் அடர்த்தியும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. தூரம் கூடினால் கூடுதல் வோல்ட் வேண்டும். அழுத்தம் கூடினாலும் அப்படியே. மெதுவாகப் போகும்போது ஒழுங்காக ஓடும் கார், மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் திணறுகிறதென்றால் காரணம் இதுவாகவே இருக்கலாம். மிதித்தவுடன் சிலிண்டருக்குள் கலவை கூடுகிறது, அழுத்தம் ஏறுகிறது, தேய்ந்த பிளக்கின் அகன்ற இடைவெளியைப் பொறியால் தாண்ட முடியவில்லை.

கையில் எடுத்துப் பார்த்தால்

ஒரு பிளக்கைக் கையில் எடுத்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். உச்சியில் காயிலைத் தொடும் முனை. அதற்குக் கீழே வெள்ளைப் பீங்கான். இது பெரும்பாலும் அலுமினா என்னும் அலுமினிய ஆக்ஸைடு. மின்சாரத்தை வெளியே கசியவிடாமல் காக்கிறது. நடுவில் ஸ்பேனர் பிடிக்கும் அறுகோணம். அதற்குக் கீழே ஒரு வளைய வாஷர், பிறகு மரை. அடியில் பீங்கானிலிருந்து எட்டிப் பார்க்கும் நடு மின்முனை. மரையுள்ள உலோக உடலிலிருந்து வளைந்து வந்து அதன்மேல் குடைபோல நிற்பது தரை மின்முனை. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கேப் என்று எல்லோரும் சொல்வார்கள். பொறி விழும் இடம் அதுதான்.

பிளக்கைத் திருப்பி அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டுங்கள். நடு மின்முனையைச் சுற்றியுள்ள பீங்கான் மூக்குக்கும் உலோக உடலுக்கும் நடுவே ஒரு பள்ளம் உள்ளே இறங்குவது தெரியும். பார்த்தால் ஒன்றுமில்லாத இந்தப் பள்ளத்தின் ஆழம்தான் ஒரு பிளக்கை ‘ஹாட்’ அல்லது ‘கோல்ட்’ ஆக்குகிறது.

ஹாட், கோல்ட்: பெயரில் உள்ள குழப்பம்

ஒரு கரண்டியின் காம்பை ஈரத்துணியால் பிடித்துக்கொண்டு அதன் முனையைத் தீயில் காட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். துணி முனைக்கு அருகில் இருந்தால் முனையின் சூடு உடனே துணிக்கு இறங்கிவிடும். துணி தொலைவில் இருந்தால் சூடு நெடுந்தூரம் நடக்க வேண்டும். அதற்குள் முனை பழுத்துவிடும். தீ ஒன்றுதான், கரண்டி ஒன்றுதான். மாறியது சூடு வெளியேறும் வழியின் நீளம் மட்டுமே.

பிளக்கிலும் இதுதான் நடக்கிறது. எரியும் வாயு 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகிறது. அது பீங்கான் மூக்கைச் சுடுகிறது. அந்தச் சூடு பீங்கான் வழியாக உலோக உடலுக்கும், அங்கிருந்து மரையும் வாஷரும் வழியாக, சிலிண்டரின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டுக்கும் போகிறது. சிலிண்டர் ஹெட்டைச் சுற்றி ஓடும் குளிர்நீர் அதை வாங்கிக்கொள்கிறது. மூக்கு நீளமாக, பள்ளம் ஆழமாக இருந்தால் சூடு மெதுவாக வெளியேறும்; அது ஹாட் பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு விரைவாக வெளியேறும். அது கோல்ட் பிளக். இந்தத் திறனின் அளவுதான் ஹீட் ரேஞ்ச். பொறியின் சூட்டுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

சூடு ஏன் இவ்வளவு முக்கியம்? முனையின் வெப்பம் ஏறத்தாழ 450 டிகிரிக்குக் கீழே தங்கிவிட்டால் அதன்மேல் படியும் கரி எரிந்து போகாது. கரி மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. பீங்கான் மூக்கில் கரி படிந்தால் மின்சாரம் இடைவெளியைத் தாண்டுவதற்குப் பதில் கரியின் வழியே ஊர்ந்து உலோக உடலுக்குப் போய்விடும். பொறி விழாது. மாறாக, முனை 850 டிகிரிக்கு மேல் ஏறிக்கொண்டே போனால், பொறி விழுவதற்கு முன்பே பழுத்த முனை தானே கலவையைப் பற்றவைத்துவிடும். இதற்கு முன்பற்றல் என்று பெயர். பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது நெருப்பு அதைக் கீழே தள்ளும். பிஸ்டனின் தலையில் ஓட்டை விழுமளவுக்குக் கொண்டுபோகக்கூடிய கோளாறு இது.

ஆகவே, தேவைக்கு மேல் கோல்டான பிளக் போட்டால் கரி பிடித்துத் தொல்லை தரும். தேவைக்கு மேல் ஹாட்டான பிளக் போட்டால் இன்ஜினையே உடைக்கும். இரண்டும் தவறுதான் என்றாலும் இரண்டாவது தவறுக்கு மன்னிப்புக் கிடையாது. டர்போ பொருத்திய இன்ஜின்களுக்கும் பந்தய இன்ஜின்களுக்கும் கோல்ட் பிளக் கொடுக்கப்படுவதும் இதனால்தான். அதைப் பார்த்துவிட்டுச் சாதாரணக் காரில் கோல்ட் பிளக் போடுபவர்கள், நெரிசலில் ஊர்ந்து போகும்போது அது கரி பிடிப்பதைத்தான் காண்பார்கள்.

பெட்டியின் மேலுள்ள எண்ணைப் படிப்பதிலும் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. என்.ஜி.கே., டென்சோ நிறுவனங்களின் பிளக்குகளில் எண் கூடக் கூட பிளக் கோல்டாகும். பாஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் கூடினால் ஹாட்டாகும். அளவுகோலும் ஆளுக்கொன்று: என்.ஜி.கே.யின் 6 என்பது டென்சோவில் 20. ஒரு நிறுவனத்தின் எண்ணை வைத்துக்கொண்டு இன்னொரு நிறுவனத்தின் பிளக்கைத் தேடக்கூடாது. அந்தந்த நிறுவனத்தின் பட்டியலில் உங்கள் காரின் மாடல், ஆண்டு, இன்ஜின் குறியீடு ஆகியவற்றைக் கொண்டுதான் தேட வேண்டும்.

இதுவரை பார்த்ததன் சாரம்: ஹாட், கோல்ட் என்பவை சூட்டை வெளியேற்றும் வேகத்தின் பெயர்கள். முனை தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் அளவுக்குச் சூடாகவும், கலவையைத் தானே பற்றவைக்காத அளவுக்கு ஆறியும் இருக்க வேண்டும். உங்கள் இன்ஜினுக்கு அது எந்த எண் என்பதைக் காரைச் செய்தவர்கள் சோதித்துக் கையேட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

நிக்கல், பிளாட்டினம், இரிடியம்

ஒவ்வொரு பொறியும் மின்முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகளைச் சுரண்டிக்கொண்டு போகிறது. இடைவெளி மெல்ல மெல்ல அகலுகிறது. எந்த உலோகம் என்ற கேள்வி இந்தத் தேய்மானத்தைப் பற்றியது.

சாதாரண பிளக்கின் மின்முனை நிக்கல் கலவையால் ஆனது, பொதுவாக 2.5 மில்லிமீட்டர் தடிமன். காப்பர் பிளக் என்று விற்கப்படுவதும் இதுதான். சூட்டைக் கடத்துவதற்காக உள்ளே செம்பு இருக்கும், பொறி விழும் முனை நிக்கல்தான். செம்பு 1,085 டிகிரியில் உருகிவிடும் என்பதால் அதை நேரடியாக நெருப்புக்குக் காட்டமாட்டார்கள். பிளாட்டினம் 1,768 டிகிரியிலும் இரிடியம் 2,446 டிகிரியிலும்தான் உருகும். இரிடியம் அவ்வளவு உறுதியானது என்பதால் மின்முனையை 0.4 முதல் 0.6 மில்லிமீட்டர் வரை மெல்லியதாகச் செய்ய முடிகிறது. கூரான முனையில் மின்புலம் குவிவதால் குறைந்த வோல்ட்டிலேயே பொறி தாண்டிவிடும். மெல்லிய முனை நெருப்புக் கருவின் சூட்டையும் அதிகம் உறிஞ்சாது.

இது உண்மையான நன்மை. குளிர்ந்த இன்ஜின் எளிதில் ஸ்டார்ட் ஆகலாம், ஐடிலில் ஓட்டம் சீராகலாம். ஆனால் ஏற்கெனவே ஒரு பொறியும் தவறாமல் ஓடும் இன்ஜினில் நிக்கலை எடுத்துவிட்டு இரிடியம் போட்டால் குதிரைத்திறன் கூடாது. முழுதாக எரிந்துகொண்டிருக்கும் கலவையை இன்னும் எப்படி எரிப்பது? இரிடியத்துக்குக் கொடுக்கும் பணம் ஆயுளுக்கான விலை. நிக்கல் பிளக் பொதுவாக 30,000 கிலோமீட்டர் வாக்கில் மாற்றப்படுகிறது; இரிடியம் பல கார்களில் 1,00,000 கிலோமீட்டர் வரை ஓடுகிறது. பிளக்கை எட்டுவதற்கே மேலுள்ள பாகங்களைக் கழற்ற வேண்டிய இன்ஜின்களில் அந்த விலை நியாயமானதே. காருடன் இரிடியம் வந்திருந்தால் அதை நிக்கலாக மாற்றி மிச்சம் பிடிப்பது எனக்கு ஏற்புடையதல்ல. அந்தக் காரின் பராமரிப்பு இடைவெளி இரிடியத்தின் ஆயுளை வைத்துத்தான் கணக்கிடப்பட்டிருக்கிறது.

இரண்டு, மூன்று, நான்கு தரை மின்முனைகள் உள்ள பிளக்குகளும் உண்டு. நான்கு இருந்தால் நான்கு பொறி வரும் என்பது தவறு. ஒவ்வொரு முறையும் எந்த வழி எளிதோ அந்த ஒரு வழியில்தான் பொறி தாண்டும். தேய்மானம் நான்காகப் பங்கிடப்படுவதால் ஆயுள் நீளும், அவ்வளவுதான்.

இடைவெளியும் மற்ற அளவுகளும்

பெரும்பாலான கார்களில் இடைவெளி 0.7 முதல் 1.1 மில்லிமீட்டர் வரை. அகன்ற இடைவெளி பெரிய நெருப்புக் கருவைத் தரும், ஆனால் கூடுதல் வோல்ட் கேட்கும். அந்தச் சுமை காயிலின் தலையில் விழும். குறுகிய இடைவெளியில் பொறி எளிதில் விழும், ஆனால் மெலிந்த கலவையைப் பற்றவைக்கத் திணறலாம். கையேட்டில் உள்ள அளவே அளவு. புதிய பிளக் சரியான இடைவெளியோடுதான் வரும் என்று நம்பிவிடாமல் கம்பி வடிவ கேஜால் ஒரு முறை பாருங்கள். நிக்கல் பிளக்கில் தரை மின்முனையை மட்டும் மெதுவாக வளைத்துச் சரிசெய்யலாம். இரிடியம், பிளாட்டினம் பிளக்குகளில் நடு மின்முனையின் மேல் எதையும் அழுத்தவே கூடாது. அந்த மெல்லிய நுனி ஒடிந்தால் பிளக் போயிற்று.

அடுத்தது மரை. அதன் விட்டம் 14, 12, 10 மில்லிமீட்டர் என வேறுபடும். விட்டம் தவறினால் பிளக் உள்ளே போகாது, ஆகவே அங்கே ஆபத்தில்லை. ஆபத்து மரையின் நீளத்தில் இருக்கிறது. ஒரே விட்டத்தில் 19 மில்லிமீட்டர் நீளமும் உண்டு, 26.5 மில்லிமீட்டர் நீளமும் உண்டு. இரண்டும் அழகாகவே திருகி ஏறும். நீளம் கூடினால் முனை சிலிண்டருக்குள் நீட்டி பிஸ்டனில் இடிக்கலாம். நீளம் குறைந்தால் பொறி குழிக்குள் விழும், ஹெட்டின் வெறும் மரையில் கரி அடைத்துக்கொள்ளும். ‘மரை சேர்ந்தால் போதும்’ என்பது இங்கேதான் உடைகிறது.

குறியீட்டைப் படிக்கத் தெரிந்தால் இவை எல்லாம் பெட்டியின் மேலேயே இருக்கின்றன. என்.ஜி.கே.யின் பி.கே.ஆர்.6.ஈ-11 என்பதை எடுத்துக்கொள்வோம். பி.கே. என்பது 14 மில்லிமீட்டர் மரையையும் 16 மில்லிமீட்டர் அறுகோணத்தையும் குறிக்கும். ஆர். என்றால் உள்ளே மின்தடை இருக்கிறது. 6 ஹீட் ரேஞ்ச். ஈ. என்றால் 19 மில்லிமீட்டர் மரை நீளம். கடைசியில் வரும் 11, இடைவெளி 1.1 மில்லிமீட்டர் என்பதைச் சொல்கிறது. மின்தடை எதற்கென்றால், பொறி விழும்போது எழும் மின்காந்த இரைச்சலை அடக்குவதற்கு. பொதுவாக 5,000 ஓம் அளவில் இருக்கும் இந்தத் தடை இல்லாவிட்டால் அந்த இரைச்சல் ரேடியோவையும் இன்ஜினின் மின்னணுக் கட்டுப்பாட்டையும் குழப்பக்கூடும்.

ஆக, கடையில் சரிபார்க்க வேண்டியவை ஹீட் ரேஞ்ச், மரையின் விட்டமும் நீளமும், வாஷர் உள்ள வகையா வாஷர் இல்லாமல் கூம்பு வடிவ விளிம்பால் உட்காரும் வகையா, இடைவெளி, மின்தடை. உலோகத்தின் பெயர் இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

பொருத்துதல்

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். இப்போதைய கார்களில் சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றினால் அலுமினிய மரை உரிந்துகொண்டு வர வாய்ப்பு உண்டு. காயிலை எடுத்தபின் பிளக் இருக்கும் குழிக்குள் காற்றடித்துத் தூசியையும் மணலையும் வெளியேற்றுங்கள். இதைச் செய்யாமல் பிளக்கைக் கழற்றினால் அத்தனையும் நேராகச் சிலிண்டருக்குள் விழும்.

ஒரு நேரத்தில் ஒரு பிளக். ஒன்றைக் கழற்றி, புதியதைப் பொருத்தி, அதன் இணைப்பைக் கொடுத்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். நான்கு சிலிண்டர் இன்ஜின்களில் பொறி விழும் வரிசை பெரும்பாலும் 1-3-4-2. ஒயர்கள் மாறிப்போனால் பொறி தவறான நேரத்தில் விழும். ஒன்றொன்றாகச் செய்பவருக்கு அந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளும் தேவையே வராது.

புதிய பிளக்கை ஸ்பேனரில் மாட்டித் திருகத் தொடங்குவது பெரிய தவறு. பிளக்கின் தலையில் சிறு ரப்பர் குழாயைச் செருகி, குழாயைப் பிடித்து விரலால் திருகுங்கள். மரை கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கி நின்றுவிடும். ஸ்பேனராக இருந்தால் அந்தக் கோணலையும் மீறிக்கொண்டு போய் ஹெட்டின் மரையை அறுத்துவிடும். பிளக் தன் இருக்கையைத் தொடும்வரை விரலாலேயே போக வேண்டும். பிளக் தரையில் விழுந்துவிட்டால் அதை ஒதுக்கிவிடுங்கள். பீங்கானில் விழும் விரிசல் வெளியே தெரியாமல் இருக்கலாம்.

இனி முடுக்குவது. சூட்டின் பெரும்பகுதி மரையும் வாஷரும் வழியாகத்தான் வெளியேறுகிறது என்று பார்த்தோம். பிளக் தளர்வாக இருந்தால் அந்த வழி அடைபடுகிறது. சரியான ஹீட் ரேஞ்ச் உள்ள பிளக்கே ஹாட் பிளக் போலப் பழுத்துவிடும். இதனால்தான் சரியான பிளக்கை வாங்குவதையும் சரியாக முடுக்குவதையும் இரண்டு வேலைகளாகப் பிரிக்க முடிவதில்லை. அளவுக்கு மீறி முடுக்கினாலோ உலோக உடல் நீண்டு, பீங்கானின் பிடி தளர்கிறது. ஹெட்டின் மரையும் கெடுகிறது.

டார்க் ரெஞ்ச் என்பது திருகும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர். அலுமினிய ஹெட்டில், வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் பிளக்குக்குப் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20. 10 மில்லிமீட்டருக்கு 10 முதல் 12. கையேடு வேறு அளவு சொன்னால் கையேடே செல்லும். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், விரலால் முடிந்தவரை திருகிய 14 மில்லிமீட்டர் புதிய பிளக்கை ஸ்பேனரால் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று வரை திருப்பலாம். வாஷர் நசுங்கி உட்காருவது கைக்குத் தெரியும். வாஷர் இல்லாத கூம்பு வகைக்குப் பதினாறில் ஒரு பங்குச் சுற்றே போதும். வாஷர் பிளக்கின் பழக்கத்தில் இதையும் அரைச் சுற்று திருப்பியவர்கள் அடுத்த முறை அதைக் கழற்றப் படாதபாடு படுவார்கள்.

மரையில் கிரீஸ் அல்லது இறுகாமல் தடுக்கும் பசை தடவும் வழக்கம் பலருக்கு உண்டு. இப்போதைய பிளக்குகளின் மரை முலாம் பூசப்பட்டே வருகிறது. அதன்மேல் பசை தடவினால் உராய்வு குறையும்; ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டினாலும் பிளக் கூடுதலாக இறுகிவிடும். கையேடு கேட்காவிட்டால் தடவாதீர்கள்.

தரை மின்முனையின் திறந்த பக்கம் உள்வால்வைப் பார்த்து இருக்க வேண்டும் என்று சிலர் வாஷர்களை மாற்றி மாற்றிப் பிளக்கின் திசையைச் சரிசெய்கிறார்கள். பந்தய இன்ஜின்களில் அதற்கு இடமுண்டு. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீச்சும் சில இன்ஜின்களில் கார் நிறுவனமே திசையைக் குறிப்பிடுகிறது. மற்ற கார்களில் அதனால் உணரத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. சரியான முடுக்கத்தைத் திசைக்காகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

கழற்றிய பிளக் சொல்வது

பழைய பிளக்குகளை எறிந்துவிடாமல் சிலிண்டர் வரிசையில் அடுக்கிவையுங்கள். பீங்கான் மூக்கு வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எல்லாம் நலம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது பிளக் தேவைக்கு மேல் கோல்ட், அல்லது கார் குறுந்தூரமே ஓடுகிறது. சுண்ணாம்பு போல் வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அளவுக்கு மீறிய சூடு. ஹீட் ரேஞ்சையும் முடுக்கத்தையும் குளிர்நீரையும் பார்க்க வேண்டும். பீங்கானின் வெளிப்புறத்தில், உலோக உடலை ஒட்டி ஒரு பழுப்பு வளையம் இருந்தால் வாயு கசிகிறது என்று பயந்துவிடுவார்கள். அது பெரும்பாலும் உயர் வோல்ட்டால் ஈர்க்கப்பட்ட எண்ணெய்த் துகள்களின் கறை; ஒன்றும் செய்யாது.

எண்ணெயில் நனைந்த முனை வேறு வகை. மூன்று பிளக்குகள் பழுப்பாக இருந்து ஒன்றில் மட்டும் எண்ணெய் மினுங்கினால், அந்தச் சிலிண்டரின் பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ தாண்டி எண்ணெய் வருகிறது. ஹாட் பிளக் போட்டு அந்த எண்ணெயை எரித்துவிடலாம் என்ற யோசனையைக் கேட்காதீர்கள். புதிய பிளக் சில நாட்கள் நன்றாக ஓடும், பிறகு அதுவும் நனையும். அந்தச் சிலிண்டரின் கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் நெருக்கும்போது உள்ளே எழும் அழுத்தத்தை, சோதிக்கச் சொல்லுங்கள். அந்தப் பழைய பிளக்கையும் மெக்கானிக்கிடம் கையோடு காட்டுங்கள்.